கேட்டுப் போனவர் நோட்டு

(வானொலி விவசாயப் பகுதியில், கொல்லிமலை விவசாயிகளுக்காகப் பேசியது)



விதை நேர்த்தி, உரம், பூச்சிமருந்து பற்றியெல்லாம் இந்தப் பகுதியில் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. விளைந்ததை விற்கிற விஷயத்தில் ஒரு சின்னக் காரியத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். இதற்குக் காசு செலவு கிடையாது. பிள்ளைகள் போன வருஷம் எழுதி மிச்சம் வைத்த நோட்டு ஒன்று, ஒரு பென்சில், சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர், மடியில் இருக்கிற செல்போன். இந்த நாலும் போதும்.

முதலில் ஒன்று கேட்கிறேன். சோளக்காடு சந்தைக்கோ உங்கள் ஊருக்கோ மிளகு வாங்க வருகிற வியாபாரி பையில் ஒரு நீள நோட்டு வைத்திருப்பார், பார்த்திருப்பீர்கள். அதில் யார் பெயர் இருக்கிறது? உங்கள் பெயர்தான். எந்த நாடு, எந்த ஊர், எத்தனை மரத்தில் கொடி, போன தையில் எத்தனை கிலோ போட்டீர்கள், எவ்வளவு முன்பணம் வாங்கினீர்கள், பாக்கி எவ்வளவு, எல்லாம் இருக்கும். மகள் கல்யாணம் எந்த மாதம் என்பது நோட்டில் இல்லாவிட்டாலும் மனசில் இருக்கும். அதனால்தான் உங்களுக்குப் பணம் முடை வருகிற வாரம் பார்த்து அவர் சரியாக வந்து திண்ணையில் உட்காருகிறார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் தொழிலை அவர் ஒழுங்காகச் செய்கிறார். நம்ம வீட்டில் அவரைப் பற்றி ஒரு நோட்டு உண்டா? அவரை விடுங்கள், நம்ம சரக்கைக் கேட்டு வந்த மற்றவர்களைப் பற்றி ஒரு வரியாவது உண்டா? பெரும்பாலான வீட்டில் இருக்காது.

வருஷம் பூராவும் மலைக்கு ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அறப்பளீசுவரரைக் கும்பிட வருகிறார்கள், ஆகாய கங்கையில் குளிக்க வருகிறார்கள், ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு வருகிறார்கள். காரை நிறுத்தி மிளகு கேட்கிறார்கள், தேன் கேட்கிறார்கள், பலா கேட்கிறார்கள். அரைக்கிலோ மிளகு வாங்கிக்கொண்டு போகும்போது, "ஏங்க, இது தீர்ந்துபோனா அனுப்பி வைப்பீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கிறார்கள். நாமும் "அதுக்கென்னங்க, அனுப்பலாம்" என்கிறோம். கார் போய்விடுகிறது. அதோடு சரி.

நாலு நாள் கழித்து அந்த வீட்டிலேயே விசாரித்துப் பாருங்கள். "கேட்டாரே, யாரு அவர்?" "சேலத்துக்காரருங்க. கண்ணாடி போட்டிருந்தார்." கண்ணாடி போட்ட சேலத்துக்காரரை எங்கே போய்த் தேடுவது? காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ஒரு மனிதர் சரக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் பெயரைக் கூட நாம் கேட்டு வைக்கவில்லை. அதே சமயத்தில், மண்டியில் விலை இல்லை, வாங்க ஆளில்லை என்று வருத்தப்படுகிறோம்.

வாங்க ஆளில்லை என்கிற பேச்சு இந்த மலையில் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு விளையாத மேடு இங்கே இல்லை. சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை, செந்தினை, சுருட்டைக் கேழ்வரகு என்று ரகம் ரகமாக வைத்திருந்தார்கள். பிறகு மரவள்ளி வந்தது. மரவள்ளி நல்ல பயிரா, கெட்ட பயிரா என்கிற வாதம் எனக்கு வேண்டாம். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவை, லாரி மலைமேல் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, கையில் பணம் வருகிறது. சாமைக்கு அப்படி ஒரு லாரி வரவில்லை. சாமையைக் கேட்டவர் யார், எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரியவும் இல்லை. போதாததற்கு அதை உரலில் குத்தி உமி நீக்குகிற பாடு வேறு. மானாவாரியில் மழை ஏமாற்றினாலும் சாமை நம்மை ஏமாற்றியது குறைவுதான். ஆனாலும் பல வீடுகளில் விதைகூட இல்லாமல் போனது.

1990-களின் பின்பாதியிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த மலையில் சிறுதானியத்துக்காக வேலை செய்தார்கள். உமி நீக்கவும் மாவரைக்கவும் ஊர்களில் இயந்திரம் வைக்க உதவினார்கள். உலக்கை பிடித்துக் கை காய்த்துப்போன தாய்மார்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மகளிர் குழுக்கள் சாமை அரிசியும் தினையும் மாவும் பொட்டலம் போட்டு, கொல்லிமலை என்கிற பெயரிலேயே வெளியூருக்கு விற்றார்கள். விவசாயிகளும் குழுக்களும் சேர்ந்து கூட்டமைப்பு ஒன்றும் ஏற்பட்டது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பட்டணத்தில் இப்போது டாக்டரே "சாமை சாப்பிடுங்க" என்கிறார். ஆக, கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தை ஒரு நிறுவனம் கொடுக்கலாம், பயிற்சியை அரசாங்கம் கொடுக்கலாம். நம் வாசலுக்கு வந்து கேட்ட ஆளை நமக்காக வேறொருவர் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார். அது நம் வேலை.

சரி, நோட்டுக்கு வருவோம். அட்டையில் 'கேட்டுப் போனவர் நோட்டு' என்று எழுதிக்கொள்ளுங்கள். வரவு செலவு எழுதுகிற நோட்டோடு இதைக் கலக்காதீர்கள். ஒருவருக்கு அரைப் பக்கம் விடுங்கள், நெருக்கி எழுத வேண்டாம். பின்னால் எழுதுவதற்கு இடம் வேண்டும்.

மேலே, வந்த தேதி. அடுத்து பெயர், ஊர், போன் நம்பர். நம்பரை வாங்கினதும் அவர் நிற்கும்போதே ஒரு தரம் ரிங் விட்டுப் பார்த்துவிடுங்கள். ஓர் எண் தப்பினாலும் அத்தனையும் வீண். அந்த ரிங்கிலேயே நம்ம நம்பரும் அவர் போனில் ஏறிவிடும். செல்போனில் பதியும்போது சரக்கின் பெயரை முன்னால் போடுங்கள். 'மிளகு, ராசிபுரம் கடை' என்பது போல. வெறும் 'ரமேஷ்' என்று போட்டால் ஆறு மாதம் கழித்து எந்த ரமேஷ் என்று நமக்கே தெரியாது. போனில்தான் பதிந்தாச்சே, நோட்டு எதற்கு என்று இளவட்டங்கள் கேட்பார்கள். போன் தண்ணீரில் விழும், திருடு போகும், பேத்தி கையில் சிக்கி எல்லாம் அழியும். மலையில் எல்லா ஊரிலும் சிக்னல் ஒரே மாதிரியும் இல்லை. நோட்டு பரணில் கிடந்தாலும் பத்து வருஷம் இருக்கும்.

அதற்குக் கீழே, அவர் என்ன கேட்டார் என்பது. இதில்தான் கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டும். 'சாமை வேணும்' என்றால் போதாது. உமியோடு வேண்டுமா, அரிசியாக வேண்டுமா? எந்தச் சாமை? ஒரு தரத்துக்கு எவ்வளவு? வள்ளத்தில் பேசுகிறோமா, கிலோவில் பேசுகிறோமா? நாம் வள்ளத்தை நினைத்துச் சொல்ல, அவர் கிலோவை நினைத்துக் கேட்க, சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு மனஸ்தாபம் வந்த கதைகள் உண்டு. மிளகு என்றால் பச்சையா, காய்ந்ததா? காப்பி என்றால் பழமா, கொட்டையா, தூளா? கடைக்கா, வீட்டுச் சாப்பாட்டுக்கா? வீட்டுக்காரர் ரெண்டு கிலோ வாங்குவார், ஆனால் சில்லறை விலை கொடுப்பார். கடைக்காரர் ரெண்டு மூட்டை வாங்குவார், விலையை இறுக்குவார். ரெண்டு பேரும் வேண்டும். ஆனால் ரெண்டு பேரிடமும் ஒரே பேச்சுப் பேச முடியாது.

நாம் என்ன சொன்னோம் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். சொன்ன விலை, கொடுத்த மாதிரிச் சரக்கு எவ்வளவு, எப்போது அனுப்புவதாகச் சொன்னோம், எல்லாம். இதை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். சித்திரையில் ஒரு விலையும் ஆனியில் ஒரு விலையும் சொன்னால், "போன தரம் இப்படிச் சொல்லலியே" என்பார். அவருக்கு ஞாபகம் இருக்கும். வாங்குகிறவருக்கு விலை மறக்காது.

இனி கடைசி வரி. நோட்டில் மற்றதெல்லாம் இருந்து இது இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. 'அடுத்து என்ன, எந்தத் தேதி' என்று எழுதி வைக்க வேண்டும். 'பிறகு பேசணும்' என்று எழுதக் கூடாது. பிறகு என்கிற நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. 'தை 10, மிளகு பறிக்கத் தொடங்கினதும் பேச வேண்டும்' என்று எழுதுங்கள். 'வைகாசி மூணாம் வாரம், பலா முற்றினதும் சொல்ல வேண்டும்' என்று எழுதுங்கள்.

எழுதின தேதியை யார் ஞாபகப்படுத்துவது? அதற்குத்தான் தினசரி காலண்டர். நோட்டில் தை 10 என்று எழுதின கையோடு, காலண்டரில் அந்தத் தாளைப் புரட்டி, ராகுகாலம் போட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் 'ராசிபுரம் கடை, மிளகு' என்று எழுதிவிடுங்கள். தினமும் காலையில் ஒரு தாள் கிழிக்கிறோம். அந்த நாள் வரும்போது அந்தப் பெயர் தானாகவே கண் முன்னால் வந்து நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கிற வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை படித்துச் சொல்லும். பட்டணத்துக் கம்பெனிகள் இந்த ஒரு காரியத்துக்குக் கம்ப்யூட்டர் வைத்து, மாதா மாதம் கட்டணம் கட்டுகிறார்கள். நமக்கு மளிகைக் கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த காலண்டர் போதும்.

அடுத்த வருஷத் தேதியாக இருந்தால்? பழைய காலண்டரின் பின் அட்டையில் குறித்து வைத்து, புதுக் காலண்டர் மாட்டுகிற அன்றைக்கு அதிலே ஏற்றிவிடுங்கள்.

அந்தத் தேதியில் பேசுகிறபோது எப்படிப் பேசுவது என்று சிலருக்குக் கூச்சம். 'நாமாகப் போய்க் கேட்டால் விலையை அடிப்பாங்களே' என்கிற பயமும் உண்டு. நாமாகப் போய்க் கேட்கவில்லை, அவர் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறோம். இப்படிப் பேசலாம்: "வணக்கம்ணே, கொல்லிமலை வளப்பூர் நாட்டுலேர்ந்து பேசறேன். ஆடிப் பதினெட்டுக்கு வந்தப்ப மிளகு வேணும்னு சொல்லிட்டுப் போனீங்க, பத்துக் கிலோ. இப்ப பறிச்சுக் காய வச்சாச்சுங்க. இருபது கிலோ கைவசம் இருக்கு. உங்களுக்கு எடுத்து வைக்கட்டுமா?" அவ்வளவுதான். அவர் சொன்ன தேதியும் அளவும் நம் வாயிலிருந்து வரும்போதே அவர் குரல் மாறும். மலையில் ஒரு ஆள் நம்ம பேச்சை இத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறாரே என்று நினைப்பார். பேசுவதற்கு முன்னால் அன்றைய விலை நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018-இல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலியிலும் சந்தை விலை பார்க்கலாம்.

'இப்ப வேண்டாம்' என்று அவர் சொன்னால் கோபம் வேண்டாம். "எப்பப் பேசலாம்ணே?" என்று கேட்டு, அந்தத் தேதியை நோட்டிலும் காலண்டரிலும் ஏற்றுங்கள். மூணு தரம் பேசியும் பிடி கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். தினம் போன் போட்டு உயிரை எடுத்தால், அடுத்த தரம் நம்ம நம்பரைப் பார்த்ததுமே எடுக்க மாட்டார்.

வாங்கிவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வேண்டாம் என்றுவிட்டால் ஒரு பெருக்கல் குறி. ஆனால் பெருக்கல் குறி போட்ட பெயரை அடித்துவிடாதீர்கள், கிழித்து எறியாதீர்கள். ஏன் வேண்டாம் என்றார் என்பதை எழுதுங்கள். அந்த நோட்டிலேயே விலை உயர்ந்த எழுத்து அதுதான் என்று நான் சொல்வேன். ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு வருஷத்தில் சாமை கேட்டவர் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். வாங்கினவர் நாலு பேர். மற்ற எட்டுப் பேரில் அஞ்சு பேருக்கு நேராக 'கல் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறது. ஒருத்தர் சொன்னால் குறை பிடிக்கிறார் என்று தள்ளலாம். அஞ்சு பேர் சொன்னால் களத்தைப் பார்க்க வேண்டியதுதான். மண் தரையில் அடிப்பதை விட்டுத் தார்ப்பாய் விரித்து அடியுங்கள். அரைக்கக் கொண்டுபோகும் முன் இன்னொரு தரம் புடைத்துக் கல் பொறுக்குங்கள். மிளகுக்கு நேராக 'ஈரம்' என்று நாலு பேர் எழுதவைத்தால், காய்ச்சல் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் ரெண்டு வெயில் காட்டுங்கள். நோட்டு இல்லாதவருக்கு 'இந்த வருஷம் சரியா போகலை' என்பது மட்டும்தான் தெரியும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கைவசச் சரக்கை எழுதி வையுங்கள். எழுபது கிலோ மிளகு இருக்கிறது, பத்துக் கிலோ ராசிபுரத்துக்குச் சொல்லியாச்சு, மீதி அறுபது. இது இல்லாமல் ஆளுக்கெல்லாம் 'தர்றேன்' என்று சொல்லிவிட்டு, கடைசியில் மூணு பேருக்கு இல்லை என்று கையை விரித்தால் பெயர் கெட்டுப்போகும். இல்லாததை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். 'அடுத்த பறிப்பில் முதல் பெயர் உங்களுதுதான்' என்று சொல்லி எழுதிக்கொள்ளலாம்.

மகளிர் குழுவாக விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நோட்டு தலைவி வீட்டிலும், நம்பர்கள் தலைவியின் மகன் போனிலும் இருந்தால், அந்த அம்மா ஊருக்குப் போன மாதம் வியாபாரம் படுத்துவிடும். குழுவுக்கு ஒரே நோட்டு, ஒரே போன் நம்பர். பொட்டலத்தில் அந்த நம்பர்தான் இருக்க வேண்டும். குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு வாசிக்கிற மாதிரி, 'போன வாரம் கேட்டவர் யார், இந்த வாரம் யாருக்குப் பேச வேண்டும், யார் பேசுவது' என்று வாசியுங்கள். பேசினவர் பெயரையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் 'நீ பேசுவேன்னு நான் இருந்தேன், நான் பேசுவேன்னு நீ இருந்தே' என்று முடியும். தனியாக இருக்கிறவர்கள் சந்தைக்குக் கிளம்புகிற நாள் காலையில் நோட்டை ஒரு தரம் முன்னும் பின்னும் புரட்டினால் போதும். கால் மணி நேர வேலை.

அப்புறம், வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறோமே, வெளியில் விற்றால் சண்டை வராதா என்று கேட்பீர்கள். வாங்கின கடனுக்குச் சொன்ன சரக்கைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதில் ஏமாற்று வேலை வேண்டாம். ஆத்திர அவசரத்துக்குப் பணம் தருகிறவரை ஒரே நாளில் பகைத்துக்கொள்வதும் புத்திசாலித்தனம் இல்லை. பத்து மூட்டையில் எட்டு மூட்டை அவருக்கே போகட்டும். ரெண்டு மூட்டையை நோட்டில் இருக்கிறவர்களுக்கு விற்றுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, நூறு கிலோ மிளகில் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடக் கிடைத்தால் ரெண்டாயிரம் ரூபாய். அடுத்த வருஷம் முன்பணம் அவ்வளவுக்குக் குறைவாக வாங்கினால் போதும். நாலு வருஷத்தில் அந்த வியாபாரியிடமே உட்கார்ந்து விலை பேசலாம். வேறு நாலு பேர் என்ன விலைக்குக் கேட்டார்கள் என்று நோட்டில் தேதியோடு இருக்கும். இப்போது அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர நம் கையில் என்ன இருக்கிறது?

புது ஆளுக்குக் கடன் கொடுப்பதில் மட்டும் ஜாக்கிரதை. முதல் தரம் பணம் வந்த பிறகு சரக்கு. தயங்கினால் அஞ்சு கிலோ, பத்துக் கிலோ என்று சின்ன அளவில் அனுப்பிப் பாருங்கள். பாக்கி நின்றால் அதையும் அவர் பக்கத்திலேயே எழுதி, வசூல் தேதியைக் காலண்டரில் போடுங்கள்.

இன்றைக்கே தொடங்குவதென்றால் வெள்ளை நோட்டைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். உங்கள் போனில் பெயர் போடாத நம்பர்கள் எத்தனையோ கிடக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, எது யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். போன விழாவில் தேன் கேட்டவர், செம்மேட்டில் ஓட்டல் வைத்திருக்கிறவர், மலைவாழைத் தார் கேட்ட கோயில் கமிட்டிக்காரர், அன்னாசி கேட்ட ஜூஸ் கடைக்காரர். பத்துப் பெயராவது தேறும். முதல் பக்கங்களில் அந்தப் பத்தும் ஏறட்டும். நோட்டில் ஓட்டை போட்டு நூல் கோத்து, காலண்டர் மாட்டியிருக்கிற ஆணியிலேயே தொங்க விடுங்கள். பென்சிலையும் அதே நூலில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடும்.